விடைத்தாளை முதலில் திறப்பவர்: கற்பித்தல் உதவியாளரின் பணியும் பொறுப்பும்

ஒவ்வொரு பருவமும் தொடங்கும்போது ஐ.ஐ.டி.களின் துறை அலுவலகங்களில் ஒரு பட்டியல் தயாராகும். ஒருபுறம் பாட எண்ணும் அதை நடத்தும் பேராசிரியரின் பெயரும் இருக்கும், மறுபுறம் எம்.டெக். அல்லது முனைவர் பட்ட மாணவர்கள் சிலரின் பெயர்கள் இருக்கும். அவர்கள்தான் அந்தப் பாடத்தின் கற்பித்தல் உதவியாளர்கள். வளாக வழக்கில் ‘டி.ஏ.’ என்பார்கள். பெரிய அரங்கில் நடக்கும் முதலாண்டு வகுப்பில் பேராசிரியர் விரிவுரை முடித்துச் சென்றுவிடுவார். பயிற்சி வகுப்பில் கணக்கைப் போட்டுக் காட்டுவதும், ஆய்வகத்தில் மாணவரின் பக்கத்தில் நிற்பதும், ஒப்படைப்புகளைத் திருத்துவதும், பல நேரங்களில் தேர்வு விடைத்தாளை முதலில் திறந்து மதிப்பெண் இடுவதும் இந்த உதவியாளரே.

உயர்கல்வியில் நிலவும் சாதியப் பாகுபாட்டைப் பற்றிப் பேசும்போது நாம் மாணவர் சேர்க்கை, இட ஒதுக்கீடு, பேராசிரியர் நியமனம், விடுதி ஆகியவற்றைப் பற்றியே பேசிவருகிறோம். பேராசிரியருக்கும் மாணவருக்கும் நடுவில் நிற்கும் இந்த உதவியாளர் நம் விவாதங்களில் வருவதே இல்லை. அவரிடம் அதிகாரம் இருக்கிறது, ஆனால் அது எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. அவருக்குக் கடமை இருக்கிறது, ஆனால் அதற்குரிய உரிமை இல்லை. இந்த இடைவெளியில் இரண்டு தலித் மாணவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். ஒருவர், தன் மதிப்பெண் அந்தக் கையின் வழியாக வரவேண்டிய முதலாண்டு மாணவர். மற்றவர், அந்தக் கையாகவே இருக்கும் ஆய்வாளர்; அவருடைய உதவித்தொகை இன்னொருவரின் கையெழுத்தில் தொங்குகிறது. பணியின் எல்லைகள் எழுத்தில் இல்லாத வரை இருவருக்கும் பாதுகாப்பில்லை என்பதே நமது நிலைப்பாடு.

பணியும் அதற்கான தொகையும்

கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக். சேரும் மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தரப்படுகிறது. ஐ.ஐ.டி.களில் இதற்கு ஈடாக வாரம் 8 மணி நேரம் கல்விப் பணி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் உதவித்தொகை பெறும் முதுநிலை மாணவர்களுக்கு இது வாரம் 8 முதல் 10 மணி நேரம். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு 2023 ஜனவரி முதல், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் வழங்கப்படுகிறது. ஆய்வாளர்களின் தொகை 2019இலும் 2023இலும் உயர்ந்தது, எம்.டெக். மாணவரின் 12,400 ரூபாய் அப்போதெல்லாம் அசையவில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்கலாம்.

பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்த முனைவர் பட்ட விதிமுறைகளில் நாம் கவனிக்கத் தவறிய ஒரு வரி இருக்கிறது. பயிற்சி வகுப்பு, ஆய்வகப் பணி, மதிப்பீடு ஆகியவற்றுக்காக ஆய்வாளருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி ஒதுக்கப்படலாம் என்கிறது அந்த வரி. நிர்வாகங்கள் இதை வேலை வாங்கும் அனுமதியாகப் படிக்கின்றன. சட்டம் பயின்றவர்களாக நாம் இதை உச்சவரம்பாகவும் படிக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் வாங்கப்படும் வேலைக்கு இந்த விதியில் இடமில்லை. பயிற்சி வகுப்பு, ஆய்வகம், மதிப்பீடு என்று பணியின் தன்மையும் சொல்லப்பட்டுவிட்டது. துறைத் தலைவர் வீட்டுத் திருமணத்தில் வரவேற்பு மேசையில் நிற்பது அதில் சேராது. அதே வரியில் இப்பணிக்குத் தனி ஊதியம் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது அதன் பெருங்குறை.

தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் ‘கற்பித்தல் உதவியாளர்’ என்ற பெயரே பெரும்பாலும் கிடையாது. முன்பு டியூட்டர், டெமான்ஸ்ட்ரேட்டர் என்ற பதவிகள் இருந்தன. மருத்துவக் கல்லூரிகளில் டியூட்டர் பதவி இன்றும் இருக்கிறது. மற்ற இடங்களில் பதவி மறைந்தது, வேலை மட்டும் ஆய்வாளர்களின் தோளுக்கு மாறியது. நெறியாளர் கருத்தரங்குக்குப் போனால் ஆய்வாளர் வகுப்பெடுக்கிறார். நூறு மதிப்பெண்ணில் அகமதிப்பீட்டுக்குரிய 25 மதிப்பெண்ணுக்கான தாள்களை அவர் திருத்துகிறார். பட்டியலில் கையெழுத்திடுபவர் நெறியாளர். பெயரில்லாத வேலைக்கு மணிக்கணக்கும் இருக்காது. தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெரியாது.

எது உதவியாளரின் வேலை

உதவியாளரின் பணி என்பது பேராசிரியரின் பணியில் ஒரு பகுதியை அவரது மேற்பார்வையில் செய்வது. பயிற்சி வகுப்பு நடத்துவது, ஐயம் தீர்ப்பது, ஆய்வகத்தில் கருவியைக் கையாளக் கற்றுத்தருவது, பாதுகாப்பு விதிகளைக் கவனிப்பது, ஒப்படைப்பையும் சிறுதேர்வுகளையும் விடைக்குறிப்பின்படி திருத்துவது, தேர்வறைக் கண்காணிப்பில் உதவுவது ஆகியவை இதில் அடங்கும். பாடத்திட்டத்தை மாற்றுவதும், இறுதி மதிப்பெண்ணை அல்லது கிரேடை முடிவு செய்வதும், காப்பியடித்ததாகத் தண்டனை விதிப்பதும் அவருடைய வேலைகள் அல்ல. ஒப்படைப்பில் நகல் தெரிந்தால் பேராசிரியரிடம் சொல்வதோடு அவர் வேலை முடிகிறது. ‘மார்க்கைக் குறைத்துவிடுவேன்’ என்று மாணவரை மிரட்டும் அதிகாரம் அவருக்கு யாராலும் வழங்கப்படவில்லை.

நிர்வாகச் சட்டத்தில் ஒரு பழைய கோட்பாடு உண்டு. ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தை அவர் தன் விருப்பப்படி இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட முடியாது என்பது அது. மதிப்பிடும் அதிகாரம் பாட ஆசிரியருக்கு உரியது. உதவியாளர் திருத்திய தாளில் பிழை இருந்தால், ‘டி.ஏ. போட்ட மார்க்’ என்று சொல்லிப் பேராசிரியர் நழுவ முடியாது. ஆனால் நம்மிடம் வரும் புகார்களில் மிகவும் பழகிப்போன விடையே இதுதான். மாணவர் உதவியாளரிடம் போகிறார். அவர் ‘சார் சொன்னபடி போட்டேன்’ என்கிறார். பேராசிரியரிடம் போகிறார், அவர் ‘டி.ஏ.விடம் பேசுங்கள்’ என்கிறார். இரண்டு கதவுகளுக்கும் நடுவே நடந்து களைத்துப்போகும் மாணவர், பெரும்பாலும் கல்லூரியில் தனக்கென்று பேச ஒருவருமில்லாத முதல் தலைமுறை மாணவராக இருக்கிறார்.

சாதி நுழையும் இடம்

தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் நிலவிய பாகுபாட்டை ஆராயப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2007இல் அறிக்கை தந்தது. அக்குழுவிடம் பேசிய பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்றார்கள். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் மதிப்பீடு நியாயமாக இல்லை என்றவர்கள் 84 விழுக்காட்டினர். எழுத்துத் தேர்வைவிட இந்த இரண்டு தேர்வுகளில்தான் மதிப்பிடுபவரின் விருப்பத்துக்கு அதிக இடம் இருக்கிறது. எதிரே நிற்பவரின் பெயர், பேச்சு, ஊர் எல்லாம் அங்கே தெரிந்துவிடுகின்றன. என்ன கேட்கப்பட்டது, என்ன விடை சொல்லப்பட்டது என்பதற்குப் பதிவு எதுவும் இருப்பதில்லை.

உதவியாளரின் வேலை முழுவதும் இத்தகைய பதிவில்லாத இடங்களில் நடக்கிறது. ஆய்வகத்தில் யாரைக் கருவியைத் தொடவிடுவது, யாரை அளவுகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லி ஓரமாக நிறுத்துவது என்பதை அவர் முடிவு செய்கிறார். பயிற்சி வகுப்பில் யாரைக் கரும்பலகைக்கு அழைப்பது, யாருடைய ஐயத்துக்கு ‘இது பிளஸ் டூ பாடம் அல்லவா’ என்று சிரிப்பது என்பதும் அவர் கையில் இருக்கிறது. தமிழ் வழியில் படித்துவந்த மாணவருக்கு விடை தெரிந்திருக்கும், ஆங்கிலத்தில் வாக்கியம் அமையாது. இயற்பியல் தாளில் ஆங்கிலத்துக்கு மதிப்பெண் குறைப்பது விதியில் இல்லை. ஆனால் ‘விளக்கம் தெளிவாக இல்லை’ என்ற பெயரில் அது நாள்தோறும் நடக்கிறது.

இன்னொரு வழி ‘ரேங்க் என்ன?’ என்ற கேள்வி. ஜே.இ.இ. தரவரிசையைக் கேட்பது என்பது பல நேரங்களில் நாகரிகமாகச் சாதியைக் கேட்பதுதான். இதை வளாகத்தில் உள்ள எல்லோரும் அறிவார்கள். ஐ.ஐ.டி. பம்பாய் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சக மாணவரிடம் ஜே.இ.இ. தரவரிசையையோ கேட் மதிப்பெண்ணையோ கேட்பது முறையல்ல என்று எழுதவேண்டி வந்தது. சக மாணவர் கேட்பதே இப்படியென்றால், தாள் திருத்தப்போகும் உதவியாளர் கேட்கும்போது அதன் எடை என்னவென்று சொல்லத் தேவையில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் கொண்டுவந்த சமவாய்ப்பு விதிமுறைகள் எவற்றையெல்லாம் பாகுபாடு என்று பட்டியலிடுகின்றன என்று பாருங்கள். வகுப்பில் மாணவரின் சாதியை அறிவிப்பது, ஒதுக்கீட்டு மாணவர் என்று முத்திரை குத்துவது, குறைந்த மதிப்பெண்ணுக்குச் சாதியைக் காரணமாகச் சொல்வது, ஆசிரியரைச் சந்திக்க ஏற்றத்தாழ்வாக நேரம் ஒதுக்குவது, ஆய்வகத்துக்குள் அனுமதித்துவிட்டு வேலை தராமல் சும்மா நிறுத்திவைப்பது ஆகியவை அதில் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் பேராசிரியரைவிட உதவியாளரின் அன்றாட எல்லைக்குள் வருபவை. ஆனால் பணியேற்கும் உதவியாளரிடம் இந்தப் பட்டியலைக் காட்டும் கல்லூரி அரிது. இந்த விதிகள் ஏட்டளவில் கிடக்கின்றன என்பதைச் சொல்லத்தான் ரோஹித் வெமுலாவின் தாயார் ராதிகாவும் பாயல் தாட்வியின் தாயார் அபேதாவும் 2019இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். ஐ.ஐ.டி.கள் 1961ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்கீழ் இயங்குபவை என்பதால், பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் எழுதப்பட்ட இவ்விதிகளை அங்கே நேராகக் காட்டி வாதிடுவதும் கடினம்.

2023 டிசம்பரில் ஒன்றிய அரசு மக்களவையில் தந்த விடையின்படி, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஐ.ஐ.டி.களிலிருந்து 1,068 பட்டியல் சாதி மாணவர்களும் 408 பழங்குடி மாணவர்களும் படிப்பைக் கைவிட்டு வெளியேறியிருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் பாகுபாட்டால் வெளியேறினார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வேலை கிடைத்தும் வேறு படிப்புக்கும் போனவர்கள் இருப்பார்கள். ஆனால் முதலாண்டில் பின்தங்கும் மாணவரை மீட்டெடுக்கும் ஏற்பாடு என்று ஒன்று இருக்குமானால் அது பயிற்சி வகுப்பும் ஐயம் தீர்க்கும் நேரமும்தான். அந்த நேரத்தை அறிவித்துவிட்டு அறையில் இல்லாமல் போகும் உதவியாளர், வாட்ஸ்அப்பில் தன் நண்பர் குழுவுக்கு மட்டும் பழைய வினாத்தாள்களை அனுப்பும் உதவியாளர் யாரையும் சாதிப்பெயர் சொல்லித் திட்டுவதில்லை. விளைவு மட்டும் அதேதான்.

பெயரை மறைத்துத் திருத்துதல்

மதிப்பெண்ணில் சாதி கலக்கிறது என்றால் ‘ஆதாரம் உண்டா’ என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சுட்டலாம். ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் இந்தியாவில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆசிரியர்களை அமர்த்திச் சிறார்களின் விடைத்தாள்களைத் திருத்தச் செய்தார்கள். தாளின் முகப்பில் வயது, பாலினம், சாதி ஆகிய விவரங்களைக் குலுக்கல் முறையில் எழுதினார்கள். அதாவது விடைக்கும் முகப்பில் உள்ள சாதிக்கும் தொடர்பே இல்லை. ஆதிக்க சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களைவிட ஒடுக்கப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்கு 0.03 முதல் 0.08 திட்ட விலக்கம் வரை மதிப்பெண் குறைந்திருந்தது.

இந்த ஆய்வில் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும் செய்தி வேறொன்று. இந்தக் குறைப்புக்குப் பெரும்பங்கு காரணமாக இருந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களே. இது நமக்கு உவப்பான முடிவல்ல, மறைப்பதற்கும் ஒன்றுமில்லை. சாதிய மதிப்பீடு ஆதிக்க சாதியினரின் மூளையில் மட்டும் குடியிருப்பதில்லை, அதனால் அழுத்தப்பட்டவரின் கண்ணையும் அது பழக்கிவிடுகிறது என்பதை அண்ணல் அம்பேத்கரைப் படித்தவர்கள் புதிதாகக் கேட்கமாட்டார்கள். ஆகவே ‘நல்ல மனம் கொண்ட உதவியாளர் வேண்டும்’, ‘நம்மவர் ஒருவர் அங்கே இருந்தால் போதும்’ என்ற வாதங்கள் போதாதவை. முகப்பைத்தான் மறைக்க வேண்டும்.

அதே ஆய்வில், திருத்தத் தொடங்கிய நேரத்தில் கையில் எடுத்த தாள்களில் பாகுபாடு கூடுதலாக இருந்தது. மதிப்பெண் அளவு மனத்தில் உறுதிப்படாத நேரத்தில் மனம் முகப்பைப் பார்த்து ஊகிக்கிறது. கற்பித்தல் உதவியாளராக இருக்கும் தோழர்கள் இதிலிருந்து நடைமுறைப் பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். பேராசிரியரிடம் எழுத்துவடிவில் விடைக்குறிப்பும், ஒவ்வொரு படிக்கும் எத்தனை மதிப்பெண் என்ற பிரிவும் பெறாமல் ஒரு தாளையும் தொடாதீர்கள். முதல் பக்கத்தை மடித்துக்கொள்ளுங்கள். ஒருவரின் தாளை முழுதாகத் திருத்தி முடிப்பதற்குப் பதில், எல்லோருடைய முதல் வினாவையும் திருத்திவிட்டு, தாள்களைக் கலைத்து, பிறகு இரண்டாம் வினாவுக்குப் போங்கள். தொடக்கத்தில் திருத்திய ஐந்தாறு தாள்களைக் கடைசியில் மறுபடி பாருங்கள். இரண்டு உதவியாளர்கள் இருந்தால், முதல் சில தாள்களை இருவரும் தனித்தனியாகத் திருத்தி மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள். மதிப்பெண் குறைத்த இடத்தில் காரணத்தை இரண்டு சொல்லிலாவது எழுதுங்கள். அந்த இரண்டு சொற்கள் மாணவருக்குப் பாடம். நாளை புகார் எழுந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு. உறவினரின், அறைத்தோழரின் தாள் வந்தால் மற்றவரிடம் கொடுத்துவிடுங்கள்.

0.08 என்பது சிறிய எண்தானே என்று தோன்றலாம். ஒரு தாளில் அது சிறிதுதான். ஆனால் வகுப்பின் மற்றவர்களோடு ஒப்பிட்டு கிரேடு தரப்படும் முறையில் எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு ஒரு மதிப்பெண் ஒரு கிரேடு. எட்டுப் பருவங்களில் நாற்பதுக்கு மேற்பட்ட பாடங்கள் வருகின்றன.

உதவியாளரே தலித்தாக இருக்கும்போது

1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்த அம்பேத்கர், ஆசிரியர்களுக்கான பொதுப் பானையிலிருந்து தண்ணீர் எடுப்பதை உடன் பணியாற்றியவர்கள் எதிர்த்தார்கள். கற்பிக்கும் இடத்துக்கு வந்துவிட்டால் சாதி விலகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதை நினைவுபடுத்துகிறோம்.

இன்றைய தலித் உதவியாளருக்கு இரண்டு பக்கமும் இடி. ஒருபுறம் மாணவர்கள். ஒரே தவறுக்கு மதிப்பெண் குறைத்தாலும், மற்ற உதவியாளரிடம் பேசாத குரலில் இவரிடம் பேசுவார்கள். இவருடைய தகுதியைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேச்சு நடக்கும். மறுபுறம் நெறியாளர். அறிவுசார்ந்த பயிற்சி வகுப்பு ஒருவருக்கும், வருகைப் பதிவு எடுப்பது, தாள்களைக் கட்டுவது, ஆய்வகப் பொருட்களின் இருப்பு எண்ணுவது இன்னொருவருக்கும் போய்ச் சேரும். எந்தப் பாடத்துக்கு யார் என்ற பட்டியல் எந்த அளவுகோலில் தயாரிக்கப்படுகிறது என்று கேட்டால் விடை கிடைக்காது. நாளை உதவிப் பேராசிரியர் நேர்காணலில் ‘கற்பித்தல் அனுபவம்’ என்று கேட்கும்போதுதான் இந்தப் பங்கீட்டின் விலை தெரியும்.

இதற்கெல்லாம் மேலே நிற்பது கையெழுத்து. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை ஆனாலும், நிறுவனத்தின் உதவித்தொகை ஆனாலும், ஆய்வாளர் பணியில் இருக்கிறார் என்று நெறியாளரும் துறையும் உறுதிப்படுத்தாமல் பணம் வராது. ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று விட்டுச்சென்ற கடிதத்தில், தனக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகையைக் குறிப்பிட்டிருந்ததை நாம் மறக்க முடியாது. வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஆய்வாளருக்கு உதவித்தொகை என்பது அரிசியும் வாடகையும். அதனால்தான் நெறியாளரின் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரச் சொன்னாலும், வீட்டு மின்கட்டணம் கட்டச் சொன்னாலும் அவர்கள் மறுப்பதில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பொருளாதார நெருக்கடியால் வேறு வழியின்றி ஏற்கும் வேலையும் கட்டாயமே என்று விளக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவு, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ ‘பெகார்’ எனப்படும் ஊதியமில்லாக் கட்டாய வேலை செய்யவைப்பதைக் குற்றமாக்குகிறது. நெறியாளரின் ஒவ்வொரு சில்லறை வேலையும் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும் என்று நாம் வாதிடவில்லை. உதவித்தொகையை நிறுத்திவிடுவேன் என்ற மிரட்டலோடு தொடர்ந்து வீட்டுவேலை வாங்கப்படும்போது, இந்தப் பிரிவைப் பேசத் தயங்கவும் தேவையில்லை.

மாணவரா, தொழிலாளரா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்தக் கேள்வி பல பத்தாண்டுகள் இழுபட்டது. கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் 2016 ஆகஸ்டில் அந்நாட்டின் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், கற்பித்தல் உதவியாளர்களாகப் பணிபுரியும் மாணவர்கள் தொழிலாளர்களே, அவர்கள் சங்கம் அமைத்துக் கூட்டுப்பேரம் நடத்தலாம் என்று முடிவு செய்தது. அண்ணல் பயின்ற அதே கொலம்பியாதான் அந்த வழக்கில் மாணவர்களை எதிர்த்து நின்றது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பரில் ஏறத்தாழ 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் கற்பித்தல் உதவியாளர்களும் கணிசமாக இருந்தார்கள். ஹார்வர்டின் மாணவப் பணியாளர் சங்கம் 2021இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், பாகுபாட்டிலிருந்து பாதுகாக்கப்பட வேண்டிய அடையாளங்களில் ஒன்றாகச் சாதி சேர்க்கப்பட்டது. கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தில், கற்பித்தல் உதவியாளர்களின் தொழிற்சங்க ஒப்பந்தத்தின் வழியாகச் சாதி என்ற சொல் உள்ளே நுழைந்தது. நம் நாட்டில் உதவியாளர்களுக்கு ஒப்பந்தமே கிடையாது.

இங்கே அவர்கள் சட்டத்தின் பார்வையில் மாணவர்களே. குறைந்தபட்சக் கூலியோ, பணிக்கொடையோ, தொழில் தகராறு மன்றமோ அவர்களுக்கு இல்லை. இந்த நிலையை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் ஒரு தாளை இன்றே கேட்டுப் பெற முடியும். வாரம் எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, யார் மேற்பார்வை, மதிப்பெண் பற்றிய முறையீட்டை எத்தனை நாட்களுக்குள் யார் தீர்ப்பது, தொகையை நிறுத்துவதானால் முன்கூட்டி எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்பன அடங்கிய பணிக்குறிப்பை ஒவ்வொரு உதவியாளருக்கும் பருவத் தொடக்கத்தில் தரவேண்டும். அதன் நகலை அந்தப் பாடத்தின் மாணவர்களுக்கும் தரவேண்டும். மாணவர் அமைப்புகள் கல்விக்குழுவின் முன் வைக்கவேண்டிய முதல் கோரிக்கை இதுவே என்று கருதுகிறோம். ஊதிய உயர்வுக்கு நிதி இல்லை என்பார்கள். ஒரு பக்கத் தாளுக்கு நிதி தேவையில்லை.

அதுவரை கையில் இருக்கும் சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்ப்பது தேர்வு எழுதியவரின் உரிமை. உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இதை உறுதிசெய்தது. திருத்தியவரின் பெயரை மட்டும் நிறுவனம் மறைத்துக்கொள்ளலாம். பிறர் காணும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவும், சாதிப்பெயர் சொல்லித் திட்டினால் 3(1)(எஸ்) பிரிவும் பொருந்தும். மற்ற மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பயிற்சி வகுப்பும் ஆய்வகமும் அத்தகைய இடங்களே என்று நாம் வாதிடுகிறோம். ஆகவே அன்றைக்கே நாள், நேரம், உடனிருந்தோர் பெயர்களைக் குறித்துவையுங்கள். அரசு நிறுவனத்தில் காரணமின்றி உதவித்தொகை நிறுத்தப்பட்டால், முதலில் எழுத்தில் முறையிட்டு ஒப்புகை பெறுங்கள். விடை வராவிட்டால் அந்த ஒப்புகையோடு 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். வாய்மொழி வேண்டுகோளை வைத்துக்கொண்டு வழக்கு நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை நாம் தொடர்ந்து பார்த்துவருகிறோம்.

உங்கள் துறையில் சென்ற பருவத்தில் யாருக்கு எந்தப் பாடத்தில் உதவியாளர் பணி ஒதுக்கப்பட்டது, எந்த அளவுகோலில், எத்தனை மணி நேரம், அவர்களுக்குத் தரப்பட்ட எழுத்துவடிவ அறிவுறுத்தல் என்ன என்று கேட்டு ஒரு மனு எழுதுங்கள். ஒன்றிய அரசு நிறுவனமானாலும் மாநிலப் பல்கலைக்கழகமானாலும் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் விடை தரவேண்டும்.